மீன் தொடாத நேர்த்தியும் தவிட்டுப் பாணும்

மகன் கந்தசாமிக்கு,

இது யாருடைய கையெழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் கட்டுக்கலைத் துணிக்கடைப் பிள்ளை எழுதித் தந்தார். நான் ஒன்று சொல்வேன், அவர் அதைத் தன் நடைக்கு மாற்றி அழகாக எழுதிவிடுவார். எல்லோரும் நலம் என்பதற்கு மேல் அவரிடம் சொல்ல எனக்கு வாயும் வந்ததில்லை. கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டதை வைத்து முதன்முதலாக உனக்குத்தான் எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்தது நினைத்தபடியே அங்கே இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் எண்ணியதில்லை. அதைப் பற்றியே ஒரு தாள் எழுதலாம். ஆனால் இப்போது மருமகள் பாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும். என் கை மெதுவாகத்தான் போகிறது, மனம் அதற்குள் நாவலப்பிட்டியில் உன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து காத்திருக்கிறது.

உன் அம்மா உங்கள் வீட்டில் தங்கிவிட்டு முந்தாநாள் வந்தாள். வந்ததும் வராததுமாக, மருமகள் நன்றாக இருக்கிறாள், வயிறு இறங்கியிருக்கிறது, ஆண் பிள்ளைதான் என்றெல்லாம் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா பராக்குப் புடிச்ச புள்ளங்க. வெளக்கு ஏத்தச் சொன்னா நெருப்புக்குச்சியத் திரியில வைக்காமப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறா. வெரலச் சுட்டுக்கிட்டா" என்றாள். நான் சிரிக்கவில்லை. பகலிலும் அப்படித்தானா என்று கேட்டேன். "பகல்லயா? ஊசியில நூலு என்னைய விட வெரசாக் கோக்குறா" என்றாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். மீனும் முட்டையும் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க நீங்கள் இருவரும் சேர்ந்து முருகனுக்கு வைத்திருக்கும் நேர்த்திக்கடனுக்காக விட்டாயிற்றாம். கீரை வாயு என்று சம்பந்தியம்மா தொட விடுவதில்லையாம். பப்பாசிப் பழம் சூடாம். கரட் வாங்கினால் அது தொரைமார் வீட்டுக் கிழங்கு, வயிற்றுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று சந்தேகமாம். மீதி இருப்பது வெள்ளைச் சோறும் ரசமும், காலையில் பேக்கரி வெள்ளைப் பாணும் சீனியும் பால் சேர்க்காத பிளேன்டீயும். அம்மா இதையெல்லாம் பெருமையாகச் சொன்னாள், நேர்த்தியை எவ்வளவு ஒழுங்காகக் காக்கிறார்கள் பாருங்கள் என்று. நான் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன்.

கந்தா, பாக்கியத்துக்கு மாலைக்கண் வந்திருக்கிறது. நான் வைத்தியன் இல்லை, தூரத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். தவறாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் அந்தத் தடுமாற்றத்தை நான் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். நீயும் அறிந்தவன். பிள்ளையைச் சுமக்கிறவள் இருட்டில் படியிறங்கினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. விழாமல் தப்பினாலும், அவளுக்கே போதாத சத்து வயிற்றில் இருக்கிறதுக்கு எங்கிருந்து போகும்?

நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். 'அந்த நேர்த்திதானே அப்பா எனக்குக் கண்ணைக் கொடுத்தது, அதனால்தானே மறுபடியும் அதையே வைத்தேன்' என்பாய். நேரில் வந்து சொன்னால் நாம் இருவரும் சத்தம் போட்டுக்கொள்வோம், சம்பந்தியம்மா நடுவில் வருவார், பாக்கியம் அழுவாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தோடு சண்டை போட முடியாது. பொறுமையாக உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததை என் பக்கத்தில் இருந்து ஒரு தடவை பார்.

கடுகண்ணாவைக் கணவாயில் பஸ்ஸின் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி மலைப் பக்கத்து மண்மேட்டில் மோதி நின்றதே, அன்றைக்கு நீ கதிர்காம முருகனுக்கு நேர்ந்தாய். அடுத்த ஆடித் திருவிழாவில் வந்து காவடி எடுக்கும் வரைக்கும் மீன், இறைச்சி, முட்டை தொடுவதில்லை என்று. நல்ல நேர்த்தி. வண்டியில் இருந்த அத்தனை பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள், அதற்கு நீ என்ன நேர்ந்தாலும் தகும். ஆனால் நீ வீட்டில் சாப்பிடுகிறவன் இல்லை. கடுகண்ணாவையில் முதலாளியின் கொட்டகையில் பஸ்ஸுக்குள்ளேயே படுத்து எழுந்து, மாவனல்லைக்கும் கண்டிக்கும் நடுவில் இருக்கும் கடைகளில் வயிற்றை நிரப்புகிறவன். நம் ஊர்க் கடைகளில் எந்தக் கறியில் மாசிக் கருவாடு இல்லை? பருப்பில் மாசி, பூசணிக்காயில் மாசி, சம்பலில் மாசி, கீரைச் சுண்டலில்கூட மாசித் தூள். மீனை விட்டவன் மரக்கறியையும் விட்டான். கடைக்காரன் முன்னால் நீ உட்கார்ந்தால் உனக்குக் கொடுக்க அவனிடம் வெள்ளைப் பாணையும் சீனியையும் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. மாதக் கணக்கில் அதுதான் உன் ஆகாரம். நீ மெலிந்ததைப் பார்த்து அம்மா, விரதக் களை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாலையை நினைத்தால் இப்போதும் என் கால் தானாகத் தரையை அழுத்துகிறது. மாவனல்லையில் ஒரு மரண வீட்டுக்குப் போய்விட்டு உன் கடைசி ஓட்டத்தில் ஏறினேன். மகன் ஓட்டும் வண்டி என்று பெருமையாக உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெளிச்சம் இருக்கும் வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினாய். ஏற்றம் தொடங்கி, வெயில் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்ததும் வண்டி மெதுவாயிற்று. நீ சக்கரத்தின் மேல் கவிழ்ந்துகொண்டாய். முன் விளக்கைப் போட்ட பிறகு இன்னும் மெதுவாயிற்று. கொண்டக்டர் சிறிசேனா மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, பின்னால மாட்டு வண்டிக்காரன் வழி கேக்குறான், குடுங்க அண்ணே" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அடுத்த வளைவில் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. ஓரத்தில் நட்டிருந்த வெள்ளைக் கல்லில் சக்கரம் உரசி, வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி ரோட்டுக்குத் திரும்பியது. பின்னால் இருந்த பெண்கள் சாமி பெயர் சொன்னார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

நான் எழுந்து வந்து உன் பக்கத்துப் பலகையில், ஒரு சாக்கு மூட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். உன் கண்ணைப் பார்த்தேன். அது ரோட்டைப் பார்க்கவில்லை, ரோட்டைத் தேடியது. மேல் உதடு முழுக்க வேர்வை. வண்டியை நிறுத்தச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அந்த இடத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிற லொறி வந்து இடிக்கும். நான் பேச ஆரம்பித்தேன். "மலைப் பக்கம் ஒரு பீலி வருது பாரு கந்தா, எப்பவும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனா சிலுசிலுன்னு இருக்கும்" என்றேன். நீ ஒதுக்கினாய். "எதுக்க ஒரு வண்டி ஏறி வருது, மாடு ரெண்டும் வெள்ளை, நல்ல மாடு" என்றேன். நீ வேகத்தைக் குறைத்தாய். ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு கல்லையும் ஊர்க்கதை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்னால் ஒருவர், "இந்தக் கெழவருக்கு வாயே வலிக்காதா?" என்றார். "மகன் வண்டியில்ல, ஓசிப் பயணம், அதான் வாயி நீளுது" என்றார் இன்னொருவர். ரோட்டுக்காகக் குடைந்த பாறைக்குள் வண்டி நுழையும்போது மட்டும் கதையை நிறுத்தினேன். நேராப் போ, நேராப் போ என்று உன் முழங்காலில் தட்டினேன். கடுகண்ணாவையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நீ சக்கரத்தில் இருந்து கையை எடுக்கவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"கண்ணு."

"பனி மூட்டம்ப்பா."

"பனியே இல்லடா இன்னைக்கு."

நீ வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "மொதலாளிகிட்டச் சொல்லிராதீங்கப்பா. லைசன்ஸப் புடுங்கிருவாங்க. பொண்ணு வீட்டுல பேசி முடிச்சிருக்கு" என்றாய். கடைசி ஓட்டத்தை வேறு ஆளிடம் விடு என்றேன். விட்டால் ஏன் என்று கேட்பார் என்றாய். விடாவிட்டால் நானே போய்ச் சொல்வேன் என்றேன். அன்றைக்கு நாம் இருவரும் கத்திய கத்தலுக்குக் கொட்டகைக் காவல்காரர் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில், மறுநாளே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயாவிடம் வருகிறேன், கண் சரியாகும் வரைக்கும் மாலை ஓட்டத்தில் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்று இறங்கி வந்தாய். நானும் ஒப்புக்கொண்டேன். வண்டியில் ஏறியவர்களை நினைத்தால் அது சரியான ஏற்பாடா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அப்போதிக்கரி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், உனக்கு நினைவிருக்கும், சுருக்கென்று பேசுவார். உன் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "இது மாலைக்கண். பயப்பிட ஒண்டுமில்லை, ஆனா விட்டால் கண்ணே போகும். மீனெண்ணெய் தாறன், நாளுக்கு ரெண்டு தரம் குடியும்" என்றார். நீ போத்தலைத் தொடவில்லை. நேர்த்தி என்றாய். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உம்மட நேர்த்தி உம்மோட போகட்டும். பஸ்ஸுக்குள்ள இருக்கிற சனம் என்ன நேர்ந்தது?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் போத்தலை எடுக்காமல் நின்றாய். அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, அதனால் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு வழி இருக்கிறதா ஐயா என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். "மீனில இருக்கிற அந்த உயிர்ச்சத்து கீரையிலயும் கரட்டிலயும் இருக்கு. ஆனா மெதுவாத்தான் வேலை செய்யும். நெய்யோ பட்டரோ சேர்த்துச் சாப்பிட வேணும், கொழுப்பில்லாமல் அது உடம்பில ஒட்டாது. வெள்ளைப் பாணை விட்டிட்டுத் தவிட்டோட கூடின கோதுமையைச் சாப்பிடச் சொல்லும். தீட்டின அரிசியிலயும் சலிச்ச மாவிலயும் சக்கை மட்டும்தான் மிச்சம்" என்றார்.

ஐயா சொன்னதை ஒரு பஸ் சாரதி கையில் பிடித்து, கறை படாமல், மாசி படாமல், ஓடுகிற வண்டியில் தின்ன வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, நான் ஆயுள் முழுக்கச் செய்த வேலைதான். கண்டி வாவிக்கரை ஹோட்டலில் தொரைமார் உலாப் போகும்போது கூடையில் வைக்கும் சாண்ட்விச் கட்டுவதே என் மேசை வேலை. ஆனால் அவர்களுக்குக் கட்டுவது வெள்ளைப் பாணில், ஓரம் வெட்டி, கண்ணாடி மாதிரி மெல்லியதாக வெள்ளரிக்காய் வைத்தது. வெள்ளரிக்காயில் இருப்பது தண்ணீர்தான். அதைத் தின்றுவிட்டு மத்தியானம் ஆட்டிறைச்சி தின்கிறவர்களுக்கு அது போதும். உனக்கு அது ஒரு வாய்க்குக்கூட ஆகாது. அதனால் பேக்கரிக்கார முஸ்லிம் நானாவிடம் போய், சலிக்காத கோதுமை மாவில் பாண் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டேன்.

"தவிட்டோடயா? மாட்டுக்கா, மனிசனுக்கா?" என்றார்.

"என் மகனுக்கு, நானா."

"மகன் மேல என்ன கோவம் ஒங்களுக்கு? கல்லு மாதிரி வரும் சொல்லிட்டேன்."

முதல் பாண் கல் மாதிரித்தான் வந்தது. அதை வைத்து அம்மா கதவுக்கு அண்டை கொடுத்தாள். இரண்டாவது தடவை மாவை ஈரமாகப் பிசைந்து, அதிக நேரம் பொங்க விட்டார். நிறம் சாக்கு மாதிரி, மணம் வறுத்த கோதுமை மாதிரி. அதற்குள் சிறிசேனா உன்னிடம், பாண் பொங்குவதற்குக் கள் ஊற்றுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தான், நீ அதையும் பிடித்துக்கொண்டாய். நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மாவுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். "என்ட பேக்கரியிலயா கள்ளு? எங்க மார்க்கத்துல அது ஹராம். ஒங்க மகன்ட நேர்த்திய விட என்ட அடுப்பு சுத்தம், போய்ச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதன் பிறகுதான் நீ வாயைத் திறந்தாய்.

எப்படிக் கட்டினேன் என்று இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதை இனி நீ கட்டவேண்டும். பாணை விரல் கனத்துக்கு வெட்டு, ஓரத்தை வெட்டி எறியாதே. இறைச்சி வெட்டும் கத்தி வேண்டாம் என்று நீ சொன்னதால் அம்மா புதுக் கத்தி வாங்கினாள், அது இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு துண்டிலும் பட்டரை விளிம்பு வரைக்கும் தடவ வேண்டும். மரக்கறித் தண்ணீர் பாணுக்குள் இறங்காமல் அது தடுக்கும், ஐயா சொன்னபடி சத்தை உடம்பில் சேர்ப்பதும் அதுதான். கரட்டைக் கொஞ்சமாக அவித்து, பட்டரும் மிளகும் போட்டு மசித்துக்கொள். பொன்னாங்கண்ணியைப் பொடியாக அரிந்து சின்ன வெங்காயத்தோடு ஒரு வதக்கு வதக்கி, தண்ணீரைப் பிழியாமல் சுண்ட வை. பிழிந்த தண்ணீரோடு போவது நமக்கு வேண்டியது. ஒரு பக்கம் கரட், ஒரு பக்கம் கீரை, நடுவில் தக்காளி, மேலே தேசிக்காயைப் பிழிந்து நாலு சொட்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தி, வாட்டிய வாழையிலையில் சுற்றி, ஈரத் துணியில் கட்டினால் மாலை வரைக்கும் கெடாது. கரட்டும் கீரையும் கண்ணுக்கு. தவிடு குடலுக்கும் நரம்புக்கும். நீ அப்போது காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாயே, அதுகூட மாறியது. தக்காளியும் தேசிக்காயும் பல் ஈறுக்கு. இரண்டு சாண்ட்விச் தின்றால் ஒரு நேரச் சோறு தின்ற பலம், ஆனால் தூக்கம் வராது. சாரதிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

முதல் நாள் நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குத் தழை கட்டுன மாதிரி இருக்குப்பா" என்றாய். ஆனால் தின்றாய். தினமும் மத்தியானம் நான் ஹோட்டல் வேலை முடித்து, வீட்டில் பொட்டலம் கட்டி, உன் வண்டியில் மாவனல்லைக்கு இறங்கி, மாலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஏறி வருவேன். ஒரு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒரு நாள் லொறி ஒன்று வளைவில் விளக்கில்லாமல் எதிரே வந்து, நான் 'மலைப் பக்கம்' என்று அலறியதில் முன்பலகையில் இருந்த பெண் தன் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டாள். அன்றைக்கு இரவு நான் அம்மாவிடம், இவன் நேர்த்தியை முறித்து அந்த எண்ணெயை வாயில் ஊற்றப்போகிறேன் என்றேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஊற்றவில்லை. ஆனால் பொட்டலத்தில் கீரையை இரண்டு மடங்காக்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாலை, குடைந்த பாறைக்குக் கீழே வழக்கம் போலத் தொடங்கினேன். "பாறை வருது கந்தா, நேராப் புடிச்சுக்க."

நீ திரும்பிப் பார்க்காமல், "தெரியுதுப்பா. பாறை மேல கொரங்கு ஒண்ணு உக்காந்து பேன் பாக்குது, அதுவும் தெரியுது" என்றாய்.

நான் மேலே பார்த்தேன். என் கண்ணுக்குக் குரங்கு தெரியவில்லை. வண்டி பாறைக்கு உள்ளே போய் வெளியே வந்தது. சிறிசேனா பின்னால் இருந்து, "என்ன தாத்தா, இன்னைக்குக் கதையைக் காணோம்?" என்றான். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆடியில் நீ கதிர்காமம் போய்க் காவடி எடுத்தாய். முருகன் கண்ணைக் கொடுத்தான் என்று திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னாய். அம்மா அழுதாள், கோயிலில் பாற்சோறு கொடுத்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? அப்போதிக்கரி ஐயா சொன்னார், நானா சுட்டார், நீ தின்றாய், நான் வெட்டி வைத்தேன். அவ்வளவு பேரையும் ஒரே நேரத்தில் உன் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது முருகன்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நேர்த்தி கண்ணைக் கொடுத்தது என்பதை மட்டும் இன்றைக்கு மறுக்கிறேன், கந்தா. நேர்த்தியைக் காத்த விதத்தால் கண் போயிற்று. நேர்த்தியைக் காத்துக்கொண்டே வயிற்றுக்குச் சரியானதைக் கொடுத்ததால் கண் வந்தது. இந்த இரண்டையும் நீ ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறாய். அந்தக் கட்டைத்தான் இப்போது பாக்கியத்தின் தலையில் ஏற்றியிருக்கிறாய்.

இதைப் படித்து முடித்ததும் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கு மாலை, விளக்கு வைப்பதற்கு முன், பாக்கியத்திடம் மெதுவாகக் கேள், முற்றத்தில் என்ன தெரிகிறது என்று. பயமுறுத்தாதே. தெரியவில்லை என்றால், தெரிந்தாலும்கூட, நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அங்கே மீனெண்ணெய் கொடுத்தால் அவள் குடிக்கட்டும். உன் கண் மெதுவாகக் குணமாவதற்கு நேரம் இருந்தது. பிள்ளை வரும் நாளை நாம் தள்ளிப்போட முடியாது. மீனெண்ணெய் அவளுக்கு மருந்து. நேர்த்தி அவளுக்கும் பிள்ளைக்கும் நல்லது வரவேண்டும் என்றுதானே வைத்தாய்? அவள் பங்கையும் சேர்த்து நீ சும, மீனை நீ விடு, அவளை நேர்த்தியில் இருந்து விட்டுவிடு. அவளை இருட்டில் படியிறங்க விடாதே. கீரை வாயு என்று சம்பந்தியம்மா சொல்வதில் அவருடைய பயம் இருக்கிறது, அவர் மகளைப் பெற்றவர், அவரை எதிர்த்துப் பேசாதே. கீரையைச் சின்ன வெங்காயத்தோடும் இஞ்சியோடும் வதக்கினால் வாயுவும் இல்லை, ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தை யாரிடமும் மறைக்க வேண்டாம். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டது உன் லைசன்ஸுக்காக. இப்போது உன் கண் நன்றாக இருக்கிறது. உன்னோடு வண்டி ஓட்டுகிறவர்களில் ஆடிக்கு நேர்ந்துகொண்டு பாணும் சீனியும் தின்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்தி வாசி.

நானாவிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தவிட்டுப் பாண் சுட்டு வைப்பார். இப்போது அவர் அதைக் கேட்டால் சிரிப்பதில்லை, யாருக்கு என்று மட்டும் கேட்டார். பேரப்பிள்ளைக்கு என்றேன். கரட்டும் பட்டரும் எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் நாவலப்பிட்டிக்கு வந்துவிடுகிறேன். பொன்னாங்கண்ணியை நீ சந்தையில் வாங்கி வை. முதல் சாண்ட்விச்சை நான் கட்டி, சம்பந்தியம்மா கையில்தான் கொடுக்கப்போகிறேன். அவர் ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, மகளுக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்லட்டும். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். முருகனிடம் நீ பேசிவிடு. இரண்டு பேரில் உன்னுடையவர்தான் சீக்கிரம் சம்மதிப்பார்.

உன் அப்பா